பட்டன் இல்லாத மோட்டார் சைக்கிள்

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் பின்முற்றம். வெயில் நன்றாக ஏறிய ஒரு சனிக்கிழமை. முற்றத்தின் நடுவில் என் கணவர் சேவியரின் பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதை உதைத்துக் கிளப்பும் வலப்பக்கத்து மிதியில் என் கால். சமையலறையிலிருந்து அப்படியே இறங்கி வந்ததால் என் கையில் ரோல்ஸ் பலகாரத்துக்குக் குழைத்த மா ஒட்டியிருக்கிறது.

சேவியர் பிளாஸ்டிக் கதிரையில், ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இருக்கிறார். பைபாஸ் செய்தவர் இருமும்போது நெஞ்செலும்பு நோகாமல் இருக்க அப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் வண்டியை வாங்குவதற்காக லைப்சிக்கிலிருந்து வந்த மனிதர். கொஞ்சம் தள்ளி என் தம்பி அருள், உதைக்கப்போய் மிதி திருப்பி அடித்த காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் நெவில். இந்த வண்டியை எங்கள் தலையில் கட்டிய இங்கிலாந்துக்காரர் அவர்தான்.

"அக்கா, விடுங்கோ. உது மனிசர் உதைக்கிற வண்டியில்லை," என்றான் அருள்.

உதைத்தேன். உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

சேவியரைத் திரும்பிப் பார்த்தேன். "பரவாயில்லை றீட்டா, விடும்," என்றார். கோபமில்லை, கேலியில்லை. அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

எல்லாத்துக்கும் ஓம்

எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருசத்துக்கு மேல். அவ்வளவு காலமும் நான் சொன்ன எதையும் இந்த மனிதர் முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டதில்லை. தேவாலயப் பூசைக்கு ட்ராமில் போவோம் என்றால் பஸ்தான் நல்லது என்பார். அடுத்த கிழமை நான் பஸ் என்றால் அவருக்கு ட்ராம். குழம்பில் உப்புக் கூட என்பார். நான் ருசி பார்த்துவிட்டு ஓம், கூடத்தான் என்றால், அவ்வளவு மோசமில்லை என்பார். எங்கள் வீட்டில் சண்டை என்பது காலைத் தேநீர் மாதிரி. அது இல்லாமல் நாள் தொடங்காது.

நெஞ்சைத் திறந்து மூடிய பிறகு ஆள் மாறிவிட்டார். ஆஸ்பத்திரியில் சில நாள், பிறகு ரேஹா என்று சொல்லும் தேறுதல் நிலையத்தில் பல கிழமைகள். வீட்டுக்கு வந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். உப்பில்லாத சூப் நல்லாயிருக்கோ? ஓம். யன்னலைப் பூட்டட்டோ? ஓம். திறக்கட்டோ? அதற்கும் ஓம்.

பார்க்க வந்த சனமெல்லாம், "நல்ல மாற்றம் அக்கா, மனிசன் அடங்கிட்டார்," என்றார்கள். அடங்கிப்போன சேவியரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இதய டொக்டர் கடைசியாகச் சொன்னதுதான் அவரைப் போட்டு விழுத்தியது. சில மாதம் போனதும் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் அந்த உதையை மறந்துவிடுங்கள் என்றார். சேவியரின் வண்டியில் கிளப்புகிற பட்டன் கிடையாது. உதைக்காவிட்டால் அது வெறும் இரும்பு.

வீட்டுக்கு வரும் வழியில், "அதை வித்துவிடுவம்," என்று அவரே சொன்னார்.

அன்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எத்தனை வருசமாகக் கேட்டிருக்கிறேன்! அடித்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் அதன் கீழே எப்போதும் ஒரு காட்போட் மட்டை. அதில் எப்போதும் எண்ணெய். ஒரு சின்ன ரப்பர் வளையம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டுமென்றால், அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, சுங்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு இந்த நாட்டு அரசாங்கம் பழைய வண்டிகளை மதித்து எண் தகட்டில் ஒரு விசேட எழுத்துக் கொடுக்கிறது. சேவியர் அதை ஏதோ பட்டம் வாங்கியது போல வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். வயது போனதற்கு மரியாதை என்றால் எனக்கும் ஒன்று எடுத்துத் தாருங்கோ என்று நான் கேட்பேன்.

இருந்தும் அவர் விற்போம் என்றபோது, "வேண்டாம்," என்று சொல்ல வாய் வந்தது. ஆனாலும் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தோம்.

சுவாமியின் எண்ணெய்ப் பொட்டு

இங்கிலாந்து வண்டியோடு எனக்கிருக்கும் பகை பழையது. எங்கள் ஊரான இலங்கை மன்னாரில், சுவாமி என்று நாங்கள் அழைக்கும் பங்குப் பாதிரியாரிடம் அப்படியொன்று இருந்தது. அது நின்ற இடமெல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் போகும். சுவாமி எந்த வீட்டுக்கு எவ்வளவு நேரம் போயிருந்தார் என்பதை வாசலில் கிடக்கும் எண்ணெயின் அகலத்தை வைத்தே சனம் கணக்குப் போட்டுவிடும். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு தடவை பெரிய பொட்டு. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்ன, சுவாமி இவ்வளவு நேரம் இருந்து கேக்க உங்கடை வீட்டிலை அவ்வளவு பாவமோ?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டுப் போனாள். அம்மா மண்ணள்ளிப் போட்டு மூடினார்.

பிறகு வந்த இளம் சுவாமி ஜப்பான் மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தார். அது ஒரு சொட்டும் விடவில்லை. யார் வீட்டில் எவ்வளவு பாவம் என்று அதன் பிறகு ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது.

ஊரில் கொஞ்ச நாளிலேயே எல்லாம் ஜப்பான் வண்டியாகிவிட்டது. இங்கிலாந்துக்காரருக்கு என்ன நடந்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை. போர் வந்துவிட்டதால் எங்களுக்கு அப்போது யோசிக்க வேறு விசயங்கள் இருந்தன.

நெவிலின் தொழிற்சாலை

அதை எனக்குச் சொன்னவர் நெவில். வாலிபத்தில் பர்மிங்ஹாமில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சின் பாகங்களைப் பொருத்திப் பூட்டியவர். எழுபதுகளில் அது மூடப்பட, அலைந்து திரிந்து ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்கு வந்தார். பிறகு கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் சேவியருக்குப் பக்கத்து மெஷினில் நின்றார். அப்படிப் பிடித்த சிநேகிதம். முழங்கால் போனதும் தன் வண்டியைச் சேவியருக்குக் கொடுத்தார். ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. உறைப்பில் மூக்கு வழிய வழிய ஆட்டுக்கறி சாப்பிடுவார். அவரோடு நாங்கள் பேசுவது ஜெர்மன். இரண்டு பக்கமும் இலக்கணம் அரைகுறைதான்.

ஜப்பானின் சின்ன மோட்டார் சைக்கிள்கள் முதலில் வந்தபோது தொழிற்சாலையில் எல்லோரும் சிரித்தார்களாம். "மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? பொடியள் அந்தச் சின்ன வண்டியில் பழகட்டும், மீசை வளர்ந்ததும் எங்கள் பெரிய வண்டிக்குத்தானே வருவார்கள் என்றார். அதனால் சின்ன வண்டி செய்வதையே விட்டுவிட்டோம். கொஞ்ச நாளில் ஜப்பான்காரர் நடுத்தர வண்டியும் செய்தார்கள். அதையும் விட்டோம். பிறகு பெரியதும் வந்தது. விடுவதற்கு எங்களிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை."

எண்ணெய் ஏன் ஒழுகுகிறது என்றும் கேட்டேன். இஞ்சின் கூட்டை இங்கிலாந்தில் நெடுக்காக இரண்டு பாதியாகச் செய்து பொருத்துவார்களாம். அந்தப் பொருத்து அடிவயிறு வரை போகும். ஜப்பான்காரர் படுக்கையாகப் பிரித்துச் செய்தார்கள். எண்ணெய்க்கு மேலே பொருத்து, ஒழுக வழியில்லை. "இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அப்படிச் செய்ய மெஷின் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எங்கள் மெஷின்கள் என் அப்பாவையும் பார்த்தவை."

பட்டன் கதைதான் எல்லாவற்றிலும் மேல். ஜப்பான் வண்டியைப் பட்டனால் கிளப்பலாம் என்று யாரோ சொன்னபோது, உதைக்க முடியாதவனுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று மேலாளர் கேட்டாராம். உலகத்தில் பாதிப்பேர் உதைக்க விரும்பாதவர்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் இரண்டாவது பியருக்குப் பிறகு நெவில், "ஒரு வகையில் நானும் உங்களைப் போல அகதிதான்," என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உங்கள் தலையில் யாராவது குண்டு போட்டார்களா?" என்று கேட்டேன். சேவியர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

நெவில் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லை," என்றார். "நாங்களேதான் எங்கள் தலையில் போட்டுக்கொண்டோம்." அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

ஆளுக்கொரு போத்தல்

சேவியர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வண்டி அசையாமல் நின்றது. ஒரு நாள் நான் கீழே போனபோது, இந்த மனிதர் உயிரைப்போலப் பார்க்கும் சாமானாயிற்றே என்று எண்ணெய்த் தாங்கியைத் திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. ஐயோ, முழுக்க ஒழுகிவிட்டதே என்று அலுமாரியில் இருந்த எண்ணெயை எடுத்து நிறைய ஊற்றினேன். சேவியரிடம் சொல்லவில்லை. படுக்கையில் கிடக்கிறவரை எதற்குக் கரைச்சல்படுத்த வேண்டும்?

சில கிழமை கழித்து அருள் வந்தான். அத்தானின் வண்டியைப் பார்த்தான். தாங்கி வெறுமை. "அக்காவுக்கு இதெல்லாம் எங்கை தெரியப்போகுது," என்று அவனும் ஒரு போத்தல் ஊற்றினான். எனக்குச் சொல்லவில்லை. அவனுக்கும் அதே நினைப்பு, அக்காவைக் கரைச்சல்படுத்துவானேன் என்று.

அடுத்ததாக ஊற்றியவர் நெவில். இந்த மாதிரி இஞ்சின்களைத் தன் கையால் பூட்டிய அதே நெவில்!

எங்கள் வீடுகளில் ஒருவர் வந்தால் தேத்தண்ணி குடிச்சீங்களோ என்று கேட்போம். குடிச்சிட்டன் என்றாலும் நம்பமாட்டோம். ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பழக்கத்தை வண்டியிலும் காட்டிவிட்டோம். நெவில் எங்களோடு சாப்பிட்டுச் சாப்பிட்டு எங்களைப் போலவே ஆகிவிட்டார்.

உண்மையில் எண்ணெய் எங்கும் போகவில்லை. இந்த வண்டி நெடுநாள் சும்மா நின்றால், தாங்கியில் இருப்பது தானாகவே மெல்ல மெல்ல இறங்கி இஞ்சினின் வயிற்றில் போய்த் தேங்கிவிடுமாம். அதை முதலில் வடித்துவிட வேண்டும். சேவியருக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவரை ஒருவரும் கேட்கவில்லையே. அந்தச் சனிக்கிழமை வயிறு முட்ட எண்ணெயோடு வண்டி காத்திருந்தது.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்

லைப்சிக்காரர் நல்ல மனிதர். வெளிர்நிறக் காற்சட்டை, மென்மையான பேச்சு. அவருடைய சபையிலிருந்து அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்குப் போதகர்கள் போனார்களாம். 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைக் கையில் கொண்டுவந்திருந்தார். வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே கிளம்புவதைக் கேட்க வேண்டும் என்றார். வாங்குகிறவர் கேட்பது நியாயம், கிளப்புவது விற்கிறவர் வேலை. விற்கிறவரோ தலையணையோடு கதிரையில். நெவிலுக்கு முழங்கால் சரியில்லை. அருள் பட்டன் வண்டிக்காரன். அவனுக்கு நடந்ததைத்தான் சொன்னேனே.

அதனால் என் கால்.

"விடும்," என்று சேவியர் சொன்ன பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்தது. எத்தனை வருசம் சமையலறை யன்னலால் இந்த மனிதர் உதைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரேயடியாக உதைக்கமாட்டார். முதலில் மெல்ல அமுக்குவார். உள்ளே ஒரு இடத்தில் மிதி முரண்டு பிடிக்கும். அதைத் தாண்டுமட்டும் மெதுவாகத் தள்ளி, மிதியை மேலே வரவிட்டு, பிறகுதான் முழு ஆளையும் அதில் இறக்குவார். நானும் அமுக்கினேன். முரண்டு பிடித்த இடம் காலுக்குத் தெரிந்தது. தாண்டினேன். மாதாவே என்று இறங்கினேன்.

ஒன்றுமில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை. எத்தனை உதை என்று எண்ணவில்லை. வியர்த்து ஒழுகியது. கடைசியில் ஒரு உதைக்கு அது கனைத்தது. கனைத்து, அதிர்ந்து, பிடித்துக்கொண்டது.

பிறகு வந்தது புகை. நீலப் புகை. ஆளுக்கொரு போத்தலாக மூன்று பேர் ஊற்றிய அன்பெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து வெளியே வந்தது. முற்றம் மறைந்தது. அருள் மறைந்தான். பின்குழாயால் எண்ணெய் சீறி லைப்சிக்காரரின் வெளிர்நிறக் காற்சட்டையில் தெறித்தது.

மூன்றாம் மாடி அம்மா பல்கனிக்கு ஓடிவந்து, "தீயணைப்புப் படையைக் கூப்பிடவா?" என்று ஜெர்மனில் கத்தினார். கையில் போன்.

"நைன்! நைன்!" என்று பதில் வந்தது. சேவியரின் குரல்.

எத்தனை கிழமைக்குப் பிறகு அந்த வாயிலிருந்து ஒரு 'இல்லை' வந்திருக்கிறது! புகைக்குள் அவரைத் தேடினேன். தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, நெஞ்சு நோகுது... ஆர் ஊத்தினது? எவ்வளவு ஊத்தினீங்கள்?"

"நான் கொஞ்சம்தான்," என்றேன்.

"நானும் கொஞ்சம்தான் அத்தான்," என்றான் அருள். நெவில் வானத்தைப் பார்த்தார்.

லைப்சிக்காரர் கைக்குட்டையால் காற்சட்டையைத் தட்டினார். அவரும் சிரித்தார். "உயிருள்ள வண்டி," என்றார். "எடுத்துக்கொள்கிறேன். முதல் வேலையாக ஒரு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் பூட்டிவிடுவேன். இப்போது இதற்கென்றே செய்து விற்கிறார்கள். பட்டனை அமுக்கினால் போதும், யாரும் கிளப்பலாம்."

சேவியரின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"பட்டனோ?"

"ஓம், பட்டனாம்."

தலையணையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார். "நைன்," என்றார். "மன்னிக்க வேணும். வண்டி விற்பதற்கில்லை. பட்டன் வேண்டுமென்றால் ஜப்பான் வண்டி எத்தனையோ இருக்கிறது."

"அத்தான், உங்களுக்கு உதைக்க ஏலாது. பிறகு ஆர் உதைக்கிறது?" என்று அருள் கேட்டான்.

"உவ உதைப்பா." என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னைக் கேட்டீங்களோ?"

"ஏன் கேக்கவேணும்? இப்ப உதைச்சனீர்தானே? அதுவும் பிழையா உதைச்சனீர். பாதத்தின்ரை நடுவாலையோ உதைக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் அகப்பை இருந்திருந்தால் எறிந்திருப்பேன். அதே நேரம் அந்த எண்ணெய்ப் புகைக்குள்ளேயே முழந்தாளிட்டு நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. என் மனிதர் திரும்பி வந்துவிட்டார்.

நெவில் என் காதருகில் குனிந்து, "எங்கள் மேலாளரும் இதே முகத்தோடுதான் சொன்னார்," என்றார். பர்மிங்ஹாமில் அத்தனை தொழிற்சாலைகளுக்குப் பூட்டுப் போட்ட வீம்பு, எங்கள் பின்முற்றத்தில் ஒரு நோயாளியைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டது. அந்த மேலாளர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

லைப்சிக்காரர் கோபிக்கவில்லை. இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தார். ரோல்ஸ் சாப்பிட்டு மிச்சத்தைக் கட்டிக்கொண்டும் போனார். காற்சட்டையைத் தோய்த்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், மனைவியிடம் காட்டவேண்டும் என்றார்.

இப்போது

கோடையில் டொக்டர் வண்டி ஓட்ட அனுமதித்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நான் சேலையை மாற்றி, காற்சட்டை போட்டு, கீழே இறங்கி உதைக்கிறேன். அவர் ஓட்டுகிறார், நான் பின்னால் இருக்கிறேன். ரைன் ஆற்றோரமாக பான் நகரம் வரை போய், ஒரு கோப்பி குடித்துவிட்டு வருகிறோம். திரும்பி வருவதற்கும் நான்தான் உதைக்க வேண்டும். கோப்பிக்கடை வாசலில் வெள்ளைக்காரக் கிழவர்கள் எழும்பி நின்று கைதட்டுகிறார்கள். சேவியர் தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துத் தலையசைக்கிறார்.

எனக்கும் முழங்கால் இரும்பில்லை. அது போகிற அன்று, இவரைக் கேட்காமலே நான் பட்டன் பூட்டிவிடுவேன். அந்த மேலாளர்களின் வீடுகளில் என்னைப் போல ஒருத்தி இருந்திருக்க வேண்டும். இருந்தும் அவர்கள் கேட்கவில்லையோ என்னவோ.

போன ஞாயிறும் அப்படித்தான். முதல் உதையிலேயே பிடித்துவிட்டது. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன்.

"செருப்பு சரியில்லை," என்றார் சேவியர். "அடுத்தமுறை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாரும்."

வாய் வரை ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, பின்னால் ஏறி, அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம்," என்றேன்.

அவர் வண்டியை நகர்த்தவில்லை. தலையைத் திருப்பி, பயந்துபோன முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"என்ன றீட்டா? உமக்குச் சுகமில்லையோ?"